எட்டாவது ஜோடி

மணமேல்குடிக்குத் தெற்கே உள்ள ஐஸ் கம்பெனியில் மரியசெல்வம் இருபத்திரண்டு வருடமாக கம்ப்ரசர் ஓட்டுகிறார். அமோனியா கசிந்தால் என்ன செய்வது என்று மற்றவர்களுக்கு வகுப்பு எடுப்பதும் அவர்தான். அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. குழாய்களோடு புழங்கித் தெரிந்துகொண்டதை ஒரு நோட்டில் எழுதி, அதையே பாடமாக்கினார். கம்ப்ரசர் கிழக்கு வாசலையொட்டி இருக்கிறது. ஆகவே மணி அடித்தால் மேற்கு வாசலுக்கு ஓட வேண்டும்.

போன வருடம் பாடம் முடிந்ததும், "புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"அஞ்சு வருசமாப் புரியுதுண்ணே. சுருக்கா விடுங்க, டீ ஆறுது" என்றார் ஐஸ் பார் இறக்கும் அடைக்கலம். எல்லோரும் சிரித்தார்கள். ஒத்திகையில் அவரோடு சேர்த்து ஏழு பேரும் ஒரு நிமிடத்துக்குள் மேற்கு வாசலில் நின்றார்கள்.

பன்னிரண்டாம் நாள் உண்மையிலேயே கசிந்தது. ஆறு பேர் எப்படியோ தப்பினார்கள். அடைக்கலம் மட்டும் கிழக்கு வாசலில், தன் செருப்புக்கு ஓரடி தள்ளி இறந்து கிடந்தார்.

கம்ப்ரசருக்கு வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். அதனால் செருப்போடு யாரும் உள்ளே வருவதில்லை. ஜெபமாலை போட்ட மரியசெல்வமும் கழற்றிவிட்டுத்தான் வருவார். செருப்பெல்லாம் கிழக்கு வாசலில்தான் கிடக்கும். ஒத்திகை நாள் முன்பே தெரிந்ததால், அன்று மட்டும் ஆளாளுக்குச் செருப்பை மேற்கே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். மரியசெல்வம் அதைப் பார்த்தார். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போதும் கம்ப்ரசர் நின்றதும் வரும் அமைதியில், "டீ ஆறுது" என்று அவருக்குக் கேட்கிறது.

அப்பா வேலை செய்த அதே இடத்தில் லாரிக்கு டோக்கன் போட, அடைக்கலத்தின் மகள் பிளெஸ்ஸி வந்து சேர்ந்தாள். அவளும் அந்த வாசலுக்கு ஓடிவிடக் கூடாது. மரியசெல்வம் நோட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். செருப்பு ஸ்டாண்டை மேற்கு வாசலுக்கு மாற்றினார். வெளியே வந்ததும் அவரவர் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு ஜோடி மிஞ்சினால் ஒருவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்.

"செருப்புக்கெல்லாமா கிளாசு?" என்றாள் ஐஸ் பார் உடைக்கும் செவந்தி.

சொல்லாமல் ஒரு நாள் மணி அடித்தார். ஆறு பேர் மேற்கே வந்தார்கள். பிளெஸ்ஸி கிழக்கு வாசலில் நின்றாள். அவள் காலடியில், ஒரு வருடமாக யாரும் தொடாத அப்பாவின் செருப்பு.

"கால் தானா இங்கிட்டு வந்துருச்சு மாமா."

மரியசெல்வம் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துப்போய் மேற்கு ஸ்டாண்டில் வைத்தார்.

மறுபடி சொல்லாமல் மணி அடித்த அன்று ஏழு பேரும் மேற்கே வந்தார்கள், பிளெஸ்ஸியும்தான். எல்லோரும் செருப்பு போட்டுக்கொண்டார்கள். ஒரு ஜோடி மிஞ்சியது. 'எல்லாரும் வெளிய' என்று மரியசெல்வம் சொல்ல வேண்டும். அவர் அடைக்கலத்தின் செருப்பையே பார்த்தபடி நின்றார்.

"சொல்லுங்கண்ணே, வெயிலு கொளுத்துது" என்றாள் செவந்தி.

பிளெஸ்ஸி தன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாவின் செருப்புக்குள் காலை நுழைத்தாள். அது அவளுக்கு இரண்டு விரல் பெரிது.

"இப்பச் சொல்லுங்க மாமா."

"எல்லாரும் வெளிய" என்றார்.

மற்றவர்கள் டீக்கடைப் பக்கம் போனார்கள். அவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கிழக்கு வாசல்வரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.