வலிக்காத முள்

பழவேற்காடு ஏரிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவள் நான். சில வருடங்களுக்கு முன்பு தொடையில் கெளுத்தி மீனின் முள் குத்தியது. புண் ஆறிய பிறகு அங்கே ஒரு கட்டி கிளம்பியது.

"முள்ளு உள்ளயே ஒடஞ்சிக்கீது, பத்து போட்டா வந்துடும்" என்றாள் நாத்தனார். போட்டேன். கட்டி பெருத்ததே தவிர, துளியும் வலிக்கவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கெளுத்தி முள் உள்ளே இருந்தால் சும்மா இருக்க விடுமா?

"வலியே இல்ல, இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?" என்றார் கணவர். காதில் வாங்காமல் சென்னைக்குப் பஸ் ஏறினேன். சோதித்ததில், சதையில் வரும் அபூர்வமான புற்றுநோய் என்றார்கள்.

ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்து, மறுபடி ஏரியில் இறங்குகிறேன். கரையேறியதும் இறால் தேடிய கையாலேயே உடம்பையும் தடவிப் பார்க்கிறேன். யாராவது "கட்டிதான், வலிக்கல" என்றால் நம்புவதில்லை. பஸ் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை.