கார்டில் எடுத்த ஆறாயிரம்

போன வாரம் தபாலில் ஒரு பில் வந்தது. கிரெடிட் கார்டு பில். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.

என் மனைவி ராஜி அதை வாங்கி, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். "பன்னெண்டு ரூபா வட்டி. நூறு ரூபா நியாயமான செலவு. பாக்கி இருநூறு உங்க பயத்துக்கு" என்றாள்.

பயமா? எனக்கா?

ஆமாம், பயம்தான். விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் வேலையை முடித்துக்கொண்டு ஏற்காடு மலைக்கு நாங்கள் குடிவந்து மூன்று வருஷமாகிறது. வீடு மஞ்சக்குட்டையில். ஏற்காடு டவுனுக்குப் போக வேண்டுமென்றால் பஸ். பஸ் கிடைக்காவிட்டால் செல்வராசுவின் ஷேர் ஜீப். பத்துப் பேர் உட்காரும் இடத்தில் பதினாறு பேரை ஏற்றி, பதினாறு பேரையும் சிரிக்கவைத்தே இறக்கிவிடும் மனிதர். முப்பது வயது இருக்கும். அவர் மனைவி சரசுவுக்கு அது தலைப்பிரசவம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ஜீப் வாசலில் வந்து நின்றது. உள்ளே சரசு, பக்கத்தில் அவள் அம்மா. செல்வராசுவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"சார், கொழந்த குறுக்க இருக்குதாமுங்க. இங்க ஆஸ்பத்திரியில முடியாது, சேலத்துக்குக் கொண்டுபோங்கன்னு சொல்லிட்டாங்க. நீங்க கூட வந்தீங்கன்னா டாக்டருகிட்ட பேசுவீங்க… எனக்கு ஒண்ணும் ஓடலைங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினேன். ராஜி என் பர்ஸை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். அதில் இருநூற்றுச் சொச்சம் ரூபாயும், வந்து ஆறு மாதமாகியும் ஒருமுறைகூட உரசப்படாத அந்தக் கார்டும் இருந்தன.

இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் சரசு பல்லைக் கடித்துக்கொண்டாள். சத்தமே போடவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உடனே பார்த்தார். ஆபரேஷன்தான் என்றார். தியேட்டர் தயாராகிக்கொண்டிருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண், "ஆறாயிரம் அட்வான்ஸ் கட்டிருங்க சார்" என்றாள்.

செல்வராசுவிடம் ஆயிரத்து நூறு இருந்தது. அதை மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டார்கள். நான் கம்பீரமாகக் கார்டை எடுத்து நீட்டினேன்.

அந்தப் பெண் அதைத் திருப்பிப் பார்த்தாள். "இதை வெச்சு நான் என்னங்க சார் பண்றது? பணமாக் கட்டுங்க."

என் சேமிப்பெல்லாம் ஏற்காட்டு பேங்க்கில். சனிக்கிழமை பன்னிரண்டோடு கவுன்ட்டர் மூடிவிடும். திங்கட்கிழமைவரை என் பணம் எனக்கே கிடைக்காது. வேறு வழி? ஐந்து ரோடு பக்கம் புதிதாக ஒரு ஏ.டி.எம். திறந்திருக்கிறார்கள் என்று காவலாளி சொன்னார். ஆட்டோவில் ஓடினேன்.

கண்ணாடிக் கதவு. உள்ளே குளுகுளு என்று ஏசி. வாழ்க்கையில் முதல்முறை ஒரு மெஷினிடம் பணம் கேட்கிறேன். ஆறாயிரம் என்று கேட்டால் கோபித்துக்கொண்டு கார்டை விழுங்கிவிட்டால்? விழுங்கிவிடும் என்று யாரோ சொன்ன ஞாபகம். முதலில் இரண்டாயிரம் கேட்டேன். கொடுத்தது. மறுபடி இரண்டாயிரம். மறுபடியும் இரண்டாயிரம்.

பணத்தைக் கட்டினோம். ஐந்து மணிக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னதும் செல்வராசு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்துபோய் இரண்டு டீ வாங்கி வந்தார்.

ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார். "ஏனுங்க சார், அந்தப் பணத்துக்கு வட்டி என்னிக்கிருந்துங்க?"

நான் சிரித்தேன். "வட்டியே கிடையாது செல்வராசு. ஐம்பது நாள் இலவசம். பேங்க்கே லெட்டர் போட்டிருக்கான்."

அவர் நம்பவில்லை. "அதெப்படிங்க? ஜீப்புக்கு நான் பைனான்ஸ்ல வாங்கினேனுங்க. பணம் கைக்கு வந்த அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிருச்சுங்க. ரொக்கமாக் குடுத்துட்டு அம்பது நாளு சும்மா இருக்கறவன் எவனுங்க இருக்கான்?"

பாவம், படிக்காத மனிதர், பேங்க் விவகாரம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து இதை ராஜியிடம் ஒரு ஜோக்காகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பீரோவைத் திறந்து, கார்டோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்தாள். பஜ்ஜி சுற்றி வரும் காகிதத்தைக்கூட விடாமல் படிப்பவள் அவள். ஏழாம் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருந்தது அந்த வரி.

ஐம்பது நாள் சலுகை, கடையில் பொருள் வாங்கினால் மட்டும். பணமாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி. போதாததற்கு, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் நூறு ரூபாய் கட்டணம்.

"எத்தனை தடவை எடுத்தீங்க?"

"…மூணு."

ராஜி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பிறகு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டாள். நாளுக்கு ஆறு ரூபாய் வட்டி. பில் வந்து, கடைசித் தேதிவரை நான் சாவகாசமாக உட்கார்ந்திருந்தால் இன்னொரு முந்நூறு.

"கட்டணம் போனது போனதுதான். வட்டியையாவது நிறுத்தலாம். நாளைக்குக் காலையில முதல் வேலையா நம்ம பணத்தை எடுத்துட்டுப் போய்க் கார்டுல கட்டிட்டு வாங்க."

"பில்லே இன்னும் வரலியே?"

"வட்டி பில்லுக்காகவா காத்திருக்கு?"

திங்கட்கிழமை ஏற்காட்டு பேங்க் திறந்ததும் ஆறாயிரம் எடுத்தேன். பஸ் பிடித்துச் சேலம் போய், கார்டு கொடுத்த பேங்க்கில் கட்டினேன். அங்கே கவுன்ட்டரில் இருந்த அம்மாளும் அதையேதான் கேட்டார். "பில் வரட்டுமே சார், என்ன அவசரம்?" சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நொம்பப் பேரு பில் வந்து பார்த்துட்டுத்தான் சார் எங்ககிட்டச் சண்டைக்கு வருவாங்க" என்றார்.

ஆக, இந்தப் புதுக் கார்டு வைத்திருக்கும் வாசகர்களுக்கு என் அனுபவம் இவ்வளவுதான். கார்டில் ரொக்கம் எடுக்காமல் இருக்க முடிந்தால் எடுக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால், வேண்டியதை ஒரே தடவையில் எடுங்கள். பில்லுக்குக் காத்திருக்காமல், கையில் பணம் வந்த அன்றே திருப்பிக் கட்டுங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஆனது. செல்வராசுவுக்கு டீ குடிக்கும்போதே தெரிந்திருந்தது.

ஆறாயிரத்தில் நாலாயிரத்தை அவர் இதற்குள் கொடுத்துவிட்டார். பில் வந்த அன்று வட்டி எவ்வளவு என்று விடாமல் கேட்டார். பன்னிரண்டு ரூபாய் என்றேன். எண்ணிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். கட்டணத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. மூன்று தடவை பொத்தானை அமுக்கியது நான்தானே?

ஆனால் ஒன்று. அன்றிலிருந்து ஜீப்பில் எங்கள் இரண்டு பேரிடமும் அவர் காசு வாங்குவதில்லை. "உங்ககிட்ட வாங்கினா எங்க ஊட்டுல சோறு போடமாட்டாங்க சாமி" என்கிறார். வாரத்துக்கு நாலு நடை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்படியே போனால், அந்த வட்டிக்காரர்களைவிடப் பெரிய வட்டிக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

அதனால் நேற்று பஸ்ஸில் ஏறி, நின்றுகொண்டே வந்தேன். டவுனிலிருந்து மஞ்சக்குட்டைவரை, பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது ஜீப்!