பரிசோதனைக்கு முந்தைய ஐந்து நாட்கள்

முதல் வலி தாடையில்தான் வந்தது. சுரங்கத்தில் பெல்ட் (நிலக்கரியைச் சுமந்து ஓடும் ரப்பர் பட்டை) பராமரிப்பில் நான் கான்ட்ராக்ட் ஆள். ஏணியில் ஏறும்போதெல்லாம் இடது தாடை இழுத்தது. கடைவாய்ப் பல் என்று நினைத்து, கிராம்பை அடக்கிக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினேன். நெஞ்சு வலித்தால்தானே நெஞ்சு நோய்? அப்படித்தான் நினைத்தேன், மடையன்.

ஒருநாள் ஷிப்டு முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது விழுந்தேன். மாரடைப்பு. ஆஞ்சியோ (இதயக் குழாயில் மருந்து செலுத்திப் படம் பிடிப்பது) செய்து, ஸ்டென்ட் (அடைப்பை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாய்) ஒன்று வைத்தார்கள். வேலையிடத்தில் மஞ்சள் காமாலை என்று சொல்லும்படி மனைவியிடம் சொன்னேன். காமாலைக்காரன் திரும்பி வரலாம். இதய நோயாளியை ஏணியில் ஏற்ற மாட்டார்கள். பர்மனென்ட் ஆவேன் என்று பதினாறு வருஷமாகக் காத்திருப்பவன் நான். விஷயம் தெரிந்தால் அத்தோடு சரி.

நான்காம் நாள் ஒரு டாக்டரம்மா தாள்களோடு கட்டிலருகே வந்தார். ஸ்டென்ட் வைத்தவர்களில் யாருக்கு மறுபடி அடைக்கிறது, ஏன் என்று ஒரு வருஷம் ஆய்வு செய்கிறார்களாம். புது மருந்து கிடையாது. மாதம் ஒரு போன், மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனை.

"இது எங்க கான்ட்ராக்டருக்குப் போவுமாங்க?" என்று கேட்டேன்.

"போகாதுங்க. உங்க பேரே இருக்காது. ஒரு நம்பர்தான்."

அங்கேதான் என் சந்தேகம் முற்றியது. சுரங்கத்தில் என் பேர் யாருக்குத் தெரியும்? டோக்கன் நம்பரை வைத்துத்தான் கேட்டிலேயே நிறுத்துவார்கள். விருப்பமிருந்தால் மட்டும் சேர்ந்தால் போதும் என்று அவர் இரண்டு முறை சொன்னது காதில் ஏறவில்லை. மறுத்தால் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்று பயந்து கையெழுத்துப் போட்டேன்.

மாத்திரைகளையும் நம்பவில்லை. இத்தனை எதற்கு? ஆய்வுக்காகக் கூட்டிக் கொடுக்கிறார்களோ? வேலைக்குத் திரும்பியபின், அவற்றைப் போட்டால் ஏணியில் தலை சுற்றியது. சாப்பாட்டுப் பையில் மாத்திரை அட்டை இருந்தால் சூப்பர்வைசர் துருவிக் கேட்பார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் மெடிக்கல் (வேலைக்கான உடல்தகுதிப் பரிசோதனை) வந்தால், ஐந்து நாள் முன்பே உப்பு, ஊறுகாய், பீடி எல்லாம் நிறுத்துவோம். யாரிடமாவது பிரஷர் மாத்திரை வாங்கிப் போடுவோம். அன்று காலை டீ கிடையாது. வேப்பமரத்தடியில் அரைமணி உட்கார்ந்துவிட்டு உள்ளே போவோம். ஃபிட் என்று எழுதி வாங்கியதும் நேரே டீக்கடை.

அதையே ஆய்வுக்கும் செய்தேன். பரிசோதனைக்கு முன் ஐந்து நாள் மாத்திரை வாய்க்கு, மற்ற நாளெல்லாம் சாக்கடைக்கு. டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் "ரொம்ப நல்லா இருக்குங்க" என்று எழுதிக்கொண்டார். ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

ஏழாம் மாதம் ஒரு மதியம், ஷிப்டுக்குச் சட்டை மாட்டும்போது அதே தாடை இழுத்தது. அந்த நேரம் பார்த்து ஆய்விலிருந்து போன், மாதா மாதம் பேசும் பெண்தான்.

"மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போச்சுங்க ஐயா?"

"ஒரு நாளும் விடலைங்க."

"வலி ஏதாவது இருக்குதுங்களா?"

"இல்லைங்க."

"ஐயா, உங்களுக்கு ரொம்ப மூச்சு வாங்குதே. மல்லிகா அம்மாகிட்ட போனைக் குடுங்க."

என் மனைவி பேர் இவளுக்கு எப்படித் தெரியும்? வியர்வை கொட்டும்போதும் அதைத்தான் யோசித்தேன். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஆய்வுத் தாளில் இருந்த கட்டத்தில் நானே எழுதிக் கொடுத்த பேர் அது. மல்லிகா போனை வாங்கியவள் என்னைப் பார்த்து, "ஐயோ மாமா, இன்னா இப்டி வேர்த்துகினு நிக்கிற!" என்று கத்தினாள். பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றினாள்.

ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. மறுபடி திறந்து பிழைக்கவைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா என் தாள்களோடு வந்தார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டும் அடைச்சிருச்சுன்னு எழுதணும். அப்படியே எழுதட்டுங்களா?"

"எழுதுனா இன்னாங்க ஆவும்?"

"அந்த மாத்திரை கைகொடுக்கலைன்னு ஆகும். அடுத்து வர்ற நோயாளிக்கு அதை நம்பித்தான் முடிவு பண்ணுவாங்க."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாக்கடை, வேப்பமரம், ஐந்து நாள் கணக்கு. கட்டில் ஓரம் நின்ற மல்லிகா அழுதுவிட்டாள். "தெனம் தண்ணி மொண்டு கையில குடுத்தனே மாமா! என்னியுமா ஏமாத்திகினு இருந்த?" அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கான்ட்ராக்டருக்கு விஷயம் போனது. ஏணி ஏற முடியாது என்று நானே போய்ச் சொன்னேன். இப்போது கருவி அறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறேன். பர்மனென்ட் பேச்சை யாரும் எடுப்பதில்லை. வருத்தம் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

உங்களிடமும் யாராவது இப்படித் தாளை நீட்டினால் சந்தேகப்படுங்கள், தப்பே இல்லை. ஆனால் வாய்விட்டுக் கேளுங்கள். நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன், என் உடம்பைத் தவிர. வருஷா வருஷம் ஐந்தே நாளில் ஃபிட் ஆகிக் காட்டப் பழகிய உடம்பு அது. இன்றைக்கு அது நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் தாடையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். முன்பு என் நாளை ஷிப்டு பிரித்தது. இப்போது காலை மாத்திரைக்கும் இரவு மாத்திரைக்கும் இடையில் இருப்பதுதான் பகல்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல் முறையாகப் போன மாதம் அந்தப் பெண் கூப்பிட்டாள். "எத்தனை நாள் விட்டுப்போச்சுங்க ஐயா?"

"ரெண்டு நாளுங்க" என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை.

சமையலறையிலிருந்து மல்லிகா கரண்டியோடு வந்து நின்றாள். "எந்த ரெண்டு நாளு?"