நடுவில் நின்ற அம்மா

எங்கள் தீவு நாட்டில் ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்த டிசம்பருக்கு அடுத்த வருடம், வரதோலியில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீடுகள் காலியாயின. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் சாமான்களை வராந்தாவில் பரப்பிவைத்து விற்றார்கள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அப்படி வந்ததுதான். அதைத் தொடுகிற தைரியம் வீட்டில் எனக்கு மட்டும் இருந்தது. அப்பா கரும்பு வெட்டியவர், பெயரை மட்டும் எழுதத் தெரியும். அம்மா கைநாட்டு. அக்காவை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, தங்கையான என்னைப் படிக்க வைத்தார்கள். நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஏழாம் ஃபாரம் முடித்தேன். வீட்டுக்கு வருகிற கடிதங்களை நான்தான் பிரிப்பேன். பிரித்து, எல்லோரையும் கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டுத்தான் படித்துச் சொல்வேன்.

அந்த வருடம் அக்காவுக்கு ஆக்லாந்து மாப்பிள்ளை அமைந்தார். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் எங்களிடம் இரண்டு கல்யாணம். முதலில் அரசாங்க அலுவலகத்தில் பதிவு. அந்தத் தாளை வைத்து விசாவுக்கு எழுதிப்போட வேண்டும். மாதக்கணக்கில் கழித்து, மாப்பிள்ளைக்கு மறுபடி லீவு கிடைக்கும்போது கோயிலில் தாலி. இடைப்பட்ட காலத்தில் சட்டத்துக்கு அவர்கள் கணவன் மனைவி. எங்களுக்கு இல்லை. தனியாகப் பேசக்கூடாது, பக்கத்தில் உட்காரக்கூடாது.

பதிவு முடிந்ததும் அலுவலக வாசலில் ஒரே ஒரு படம் எடுத்தோம், மாப்பிள்ளையின் கேமராவில். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அக்கா. நடுவில் அம்மா, அக்காவின் தோளில் கை போட்டபடி. மாப்பிள்ளை ஊருக்குப் போகும் முன் அந்தப் படத்தை எங்கள் கம்ப்யூட்டரிலும் ஏற்றிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இருவரும் சேர்ந்து இருக்கும் படங்கள் வேண்டும், திருமணம் உண்மையானது என்று காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது.

"அதான் போட்டோ இருக்கே, அனுப்பு" என்றாள் அம்மா.

"அதுல நீதாம்மா கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கிற."

"பின்ன? தாலி ஏறாத பொண்ண அவன்கூட ஒட்டி நிக்க வெக்கச் சொல்றியா? நாலு பேரு பாத்தா என்னா சொல்லுவான்?"

எங்கள் வழக்கத்தை விளக்கி ஒரு கடிதம் எழுதி, அந்தப் படத்தோடு அனுப்பியிருக்கலாம். அன்று எனக்கு அது தோன்றவில்லை. அம்மாவைப் படத்திலிருந்து எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது.

பக்கத்து ஊரான பா டவுனில், ஒரு இன்டர்நெட் கடையில், இலவசமாகக் கிடைக்கிற படம் திருத்தும் மென்பொருள் ஒன்றை சிடியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். திறந்தால் ஒரு ஜன்னலுக்குப் பதில் மூன்று ஜன்னல்கள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அம்மாவின் முகத்தை அழித்தேன். பின்சுவர் வராமல் சாம்பல் கட்டங்கள் வந்தன, சதுரங்கப் பலகை போல. கத்தரிக்கக் கயிறு போன்ற ஒரு கருவி இருந்தது. அதை அக்காவைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்து, காதருகில் விரல் தளர்ந்தால், திரும்பவும் காலிலிருந்து தொடங்க வேண்டும். வெட்டியதைத் தனித் தாள்போல மேலே வைத்துக்கொள்ள அடுக்கு என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு மூன்றாவது ஞாயிறுதான் புரிந்தது. அதுவரை அக்காவை வெட்டி ஒட்டியதெல்லாம் சுவரோடு சேர்ந்து இறுகிப்போனது. சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. யாரிடமாவது கேட்கவும் என் கௌரவம் விடவில்லை.

தோளில் இருந்த கைதான் கடினம். அம்மாவின் நாலு விரலும் புடவைக் கரைமேல் இருந்தன. கரையின் வேறோர் இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒவ்வொரு விரலாக மூடினேன். பிறகு அக்காவை நகர்த்தி, அவள் தோள் மாப்பிள்ளையின் கையில் படுகிற மாதிரி நிறுத்தினேன்.

எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நான் எங்க?" என்றாள் அம்மா.

"எடுத்துட்டேன்."

"பெத்தவள எடுக்க மூணு வாரமா?" என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அக்கா நகரவில்லை. திரைக்கு வெகு அருகில் குனிந்து பார்த்தாள்.

"இவ்ளோ உசரமா அவரு?"

"உனக்குத் தெரியாதா?"

"பக்கத்துல நின்னாத்தானே தெரியும். ஏக்தம், ரொம்ப நல்லா பண்ணியிருக்க."

என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை என்று அப்போது நினைத்தேன். போட்டோ கடைக்குக் கொண்டுபோனால், அந்த மென்பொருள் சேமித்த கோப்பு அவர்கள் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாதாரணப் படமாகச் சேமித்தேன். பழைய பெயரையே கொடுத்தேன். முன்னதை மாற்றிவிடவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். கடையில் பிரதி எடுத்து விசா அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

மறுப்புக் கடிதம் வந்த அன்று நான் யாரையும் காக்க வைக்கவில்லை. மாப்பிள்ளையும் தன் பக்கத்திலிருந்து அதே படத்தை அனுப்பியிருக்கிறார், அம்மா நடுவில் நிற்பதை. ஒரே வாசல், ஒரே புடவை, ஒரே நிழல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். திருத்திய ஆவணம் என்று எழுதியிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

"என்னா சொல்றான்?" என்றார் அப்பா.

"வராதுன்னு சொல்றான்."

"ஏன்?"

"நான் செஞ்சதாலப்பா."

அவருக்குப் புரியவில்லை. படம் நன்றாகத்தானே இருந்தது என்றார்.

அப்புறம்தான் அந்த விளக்கக் கடிதத்தை எழுதினேன். தாலி, பதிவு, அம்மா ஏன் நடுவில் நின்றாள், எல்லாம். பள்ளியில் பரிசு வாங்கிய என் ஆங்கிலம் முழுவதையும் அதில் கொட்டினேன். உண்மையான படத்தை இணைக்க வேண்டியிருந்தது. அது எங்களிடம் இல்லை. நானே அதன்மேல் சேமித்திருந்தேன். மாப்பிள்ளையிடம் கேட்டு மெயில் போட்டேன். பதில் இல்லை. இரண்டாவது போட்டேன். அதற்குப் பதிலாக அவருடைய அம்மாவின் போன் வந்தது.

"சம்மந்தி, எம் புள்ளையையும் பொய்க்காரன்னு விசாக்காரன் எழுதிட்டான். நாளைக்கு எம் புள்ள வேற எந்தப் பேப்பர் குடுத்தாலும் இத எடுத்துக் காட்டுவான்."

"சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிட்டா" என்றாள் அம்மா.

"தெரியாமலா? படிச்ச பொண்ணுன்னு சொன்னீங்களே. தாலி ஏறல, நல்லதாப் போச்சு. இதோட விட்டுருவோம்."

எங்கள் ஆட்களுக்கு அது சரி. தாலி ஏறாதவள் கல்யாணம் ஆகாதவள், வேறு இடம் பார்க்கலாம் என்று கோயில் பூசாரியும் சொன்னார். ஆனால் வேறு இடத்தில் பதிவு செய்ய வேண்டுமானால், முதல் பதிவை ரத்து செய்ய வேண்டும். ஒருநாள்கூடச் சேர்ந்து வாழாத அக்கா விவாகரத்துக்கு மனுப் போட வேண்டும்.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அக்கா மேசைக்கு எதிரே உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லவாவது ஏதாவது இருந்திருக்கும்.

கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த தேதி என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டேன். கோர்ட்டில் குமாஸ்தா பார்த்துவிட்டு, காலியாக இருந்தால் வாங்க முடியாது என்று திருப்பிக் கொடுத்தார். சேர்ந்து வாழவேயில்லை என்றேன். அப்படியானால் எதற்குக் கல்யாணம் செய்தீர்கள் என்று கேட்டார், கோபமில்லாமல்.

அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். "பதிவு பண்ணின தேதிய எழுது" என்றாள். "அன்னிக்கு மத்தியானம் ஒரே மேசையில சாப்பிட்டோம்."

எழுதினேன். குமாஸ்தா வாங்கி முத்திரை குத்தினார்.