மகேசனின் வலது கை

மகேசனைப் போல எச்சரிக்கையான மனிதரை நான் கண்டதில்லை. சில நேரம் அது எரிச்சலாகவும் இருக்கும். துபாய் தேராவில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே மாடியில், எதிரெதிரே. யாழ்ப்பாணத்தில் தட்டச்சுப் படித்துவிட்டு வந்து, ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தார். விரல்களின் வேகத்துக்கு ஆபீசில் தனி மரியாதை. அந்தச் சம்பளத்தால்தான் மனைவி யோகம்மாவைக் குடும்ப விசாவில் கூட வைத்திருக்க முடிந்தது. ஊரில் அப்போது சண்டை மூண்டிருந்தது.

அந்த வாடகை வீட்டில் முன்பு இருந்தவர், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கழிவு அரைக்கும் மெஷின் ஒன்றைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். அதன் சுவிட்ச், சமையலறை விளக்குச் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே, அச்சு அசலாக அதே மாதிரி. எந்தப் புண்ணியவான் அப்படி வைத்தானோ, அவன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மாற்றித் தரச் சொன்னதற்கு வீட்டுக்காரர் தட்டிக் கழித்தார். மகேசன் தானே சட்டம் போட்டார். தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் மெஷினைப் போட வேண்டும், எலும்பும் நாரும் உள்ளே போகக் கூடாது, அடைத்துக்கொண்டால் யோகம்மா தொடவே கூடாது. அவர் வந்து, பியூசைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கை வைப்பார்.

எண்பத்தாறாம் வருடக் கோடையில் ஒரு மாலை. முருங்கைக்காய்ச் சக்கை தவறி விழுந்து மெஷின் இறுகிக்கொண்டது. யோகம்மா உடனே அணைத்துவிட்டார். மகேசன் வேலை முடிந்து வந்து உடுப்பு மாற்றும்போது கட்டடம் முழுவதும் கரண்ட் போனது. ஊரில் கரண்ட் போனால் சுவிட்சைப் போட்டு வைப்பார்கள், வந்தால் தெரியட்டும் என்று. அதே பழக்கத்தில் யோகம்மா இருட்டில் சுவரைத் தடவி, கையில் பட்ட இரண்டு சுவிட்சையும் போட்டுவிட்டு மெழுகுதிரி தேடப் போனார்.

"கறண்ட் இல்லைத்தானே, இப்பவே எடுத்துவிடுறன்" என்றபடி மகேசன் தொட்டிக்குள் கையை விட்டார். அன்றைக்கு மட்டும் பியூசைக் கழற்றவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும். அவர் சக்கையை இழுத்தெடுக்கவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. அலறல் கேட்டு நான் ஓடியபோது சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

சுவிட்சைப் போட்டது யார் என்று ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டது. "நான்தான்" என்றார் மகேசன். ஆபீசிலும் அதையே சொன்னார். அவரைக் கோப்பறைக்கு மாற்றிச் சம்பளத்தைக் குறைத்தார்கள். அந்தச் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடையாது. யோகம்மா ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். உள்ளே போகுமுன் யோகம்மா நின்றுவிட்டார்.

"அண்டைக்குச் சுவிச்சைப் போட்டது நான். உங்களுக்குத் தெரியாது. ஒருக்கா ஏசுங்கோ, அதைக் கேட்டிட்டுப் போறன்."

மகேசன் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும். நீர் வெளிச்சத்துக்குத்தானே போட்டனீர்."