கேட்டுக்கு வெளியே நின்று எழுதியவர்

அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. இன்று வந்திருக்கும் உறவினருக்கும் சிநேகிதருக்கும் ஸ்தோத்திரம். எனக்கு அலங்காரமாக எழுத வராது. இந்த நினைவு மலரில் நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் ஆம்பூரில் பிறந்தார். அப்பா சுண்ணாம்புக் குழியில் தோல் இழுத்தவர், சீக்கிரம் செத்துப் போனார். அண்ணன் மிஷன் பள்ளியில் எட்டாவது முடித்து, தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் ஆவாரம்பட்டைக் கிடங்கில் குமாஸ்தா ஆனார். என்னையும் அதே ஷாப்பில் சேர்த்துவிட்டார்.

ஜெர்மன் சண்டைக்குப் பிறகு ஷாப்புக்கு ஷாப்பு புட்பால் டீம் வந்தது. அண்ணன் அந்த ஆட்டங்களைப் பற்றி வேலூர் வாரப் பத்திரிகைக்கு எழுத ஆரம்பித்தார். ஆட்டம் முடிந்ததும் ஸ்டேஷனுக்கு நடந்தபடியே எழுதி, காட்பாடி போகும் ரயிலின் கார்டிடம் கொடுத்துவிட்டு வருவார். முதலாளி டீம் மோசமாக ஆடினால் மோசம் என்றே எழுதுவார். கோல் போட்டவன் குழி வேலைக்காரன் என்றாலும் அவன் பெயரைத் தகப்பன் பெயரோடு எழுதுவார். அதற்காகவே பத்திரிகை வாங்கிய ஏழைகள் உண்டு.

ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் மட்டும்தான் ஆடலாம் என்பது ஆட்டம் நடத்தும் கமிட்டியின் சட்டம். ஆட்டத்துக்கு முன்பு உள்ளங்கையைப் பார்ப்பார்கள். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வேலை செய்கிறவன் கை பழுப்பேறி இருக்கும். முதலாளிகள் கோலாரிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் சம்பளம் பேசி ஆட்டக்காரர்களைக் கொண்டு வந்தார்கள். ஆட்டத்துக்கு முந்தின வாரம் அவர்கள் கையைப் பட்டைத் தொட்டியில் ஊற வைப்பார்கள். எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் சிரிப்பார்கள்.

அண்ணனும் சிரித்தார். "சம்பளம் வாங்கினா இன்னா? நல்லா ஆடுறான், வாங்கட்டுமே" என்பார்.

கோலாரிலிருந்து தாமஸ் என்று ஒருவர் எங்கள் ஷாப்புக்கு வந்தார். கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் அவர்தான் கோல் போட்டார். அடுத்த நிமிஷம் மூன்று பேர் மேலே விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. கோப்பையை ஊர்வலமாகக் கொண்டு போனார்கள். அவரைப் புல்லில் விட்டுப் போனார்கள். அண்ணன் ஷாப்பு மேனேஜரிடம் ஓடினார்.

"யாரு தாமஸு? நம்ம ஆளு இல்லியேப்பா."

"கைய நீட்டச் சொல்லிப் பாத்துத்தான சார் ஆட வுட்டீங்க?"

"உனக்கு எதுக்குப்பா பேஜாரு? பட்டைக் கணக்கப் பாரு, போ."

அந்த வாரம் அண்ணன் எழுதியது எனக்கு மனப்பாடம். "தாமஸ் ஷாப்பு ஆள் என்றால் வைத்தியம் பாருங்கள். ஷாப்பு ஆள் இல்லை என்றால் கோப்பையைத் திருப்பிக் கொடுங்கள்." அவ்வளவுதான்.

இரண்டும் செய்யவில்லை. அண்ணனுக்கு வேலை போனது. பத்திரிகைக்காரர் மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார். அண்ணன் தரவில்லை. அங்கேயும் போனது. மைதானத்துக் கேட்டில் ஆள் வைத்து, அவரைக் கழுத்தில் கை வைத்துத் தள்ளினார்கள். அப்போது சிரித்துக்கொண்டு நின்ற கனவான்கள், அவர் சவ அடக்கத்துக்கு மாலையோடு வந்தார்கள். நான் வாங்கவில்லை. இன்றும் வாங்க மாட்டேன்.

அண்ணன் எழுதுவதை நிறுத்தவில்லை. காதர் பாய் தன் பட்டை வண்டியை மைதானத்துச் சுவரோரம் கொண்டு வந்து நிறுத்துவார். "ஏறு தோஸ்த், இது உன் கேலரி" என்பார். அண்ணன் மூட்டை மேல் நின்று பார்த்து, மெட்ராஸ் பத்திரிகைக்கு எழுதினார். வெயிலும் மழையும் அங்கேதான். நெஞ்சுச் சளி பிடித்தது அங்கேதான். அது அவரை விடவில்லை.

போன மாதம் கமிட்டிக் காரியதரிசி வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, மலர் போடுறியாமே. உங்கண்ணன் படத்த அச்சுக்கு பிளாக் எடுத்து, ஜோரா அடிச்சித் தர்றோம். தாமஸு விஷயத்த மட்டும் வுட்டுடு."

"அப்ப இன்னா எழுதறது?"

"நல்லவரு, வல்லவருன்னு எழுதேன்."

உள்ளே இருந்து அண்ணி சொன்னார்: "நல்லவரா இருந்ததாலதான சார் உங்க கேட்டுக்கு வெளிய நின்னாரு. எந்திரிங்க, காபி இல்ல."

எலும்பு கூடும் வரை தாமஸை எங்கள் வீட்டில் வைத்துச் சோறு போட்ட அண்ணிக்கு நன்றி. காதர் பாய்க்கு நன்றி. அண்ணன் கொடுத்ததைத் தவறாமல் கொண்டு சேர்த்த ரயில் கார்டுகளுக்கு நன்றி. வேறு யாருக்கும் சொல்ல என்னிடம் நன்றி இல்லை.

இந்த மலரில் அண்ணன் படம் இல்லை. பிளாக் எடுக்க எங்களால் முடியவில்லை. அண்ணன் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால், இன்று பந்தியில் ஒரு காலை இழுத்து நடந்து சோறு போடுகிறாரே, அவர்தான் தாமஸ். அவரைக் கேளுங்கள். கமிட்டிக்காரர்கள் யாராவது பந்தியில் உட்கார்ந்திருந்தால் அவர்களும் கேட்கலாம்.