இடது பக்க ஸ்பீக்கர்

கண்ணாடிக் கடையில் எல்லோரும் அவரைத் துரை என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. முன்பக்கம் பிரேம் விற்கிற பெண்கள் வைத்தது. பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற மெஷின் முன்னால் அவர் உட்கார்ந்திருப்பார். வாசல் அவருக்கு இடது கைப் பக்கம். அங்கே நின்று எவ்வளவு கூப்பிட்டாலும் தலை நிமிராது. "துரை மனசு வச்சாத்தான் திரும்புவாரு" என்று யாரோ ஒருத்தி சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது. தனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே அவருக்கு ரொம்ப நாள் தெரியாது.

வீட்டிலும் அவரைப் பற்றி அதே அபிப்பிராயம்தான். நல்ல மனிதர், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பவர், ஆனால் முகம் கொடுத்துப் பேசமாட்டார். மனைவி இதைப் பற்றி ஒரு காலத்தில் சண்டை போட்டிருக்கிறாள். பிறகு விட்டுவிட்டாள்.

கடை முதலாளி வீடு மாறியபோது பரண் மேலிருந்து ஒரு பழைய பெட்டி டிவியும், கேசட் சொருகி ஆடுகிற வீடியோ கேமும் கீழே வந்தன. பழைய சாமான்காரனுக்குப் போடப் போனதைத் துரைதான் கேட்டு வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மகள் வெளியூரில் படிக்கிறாள்; அவள் அறை காலியாகத்தான் கிடந்தது. மேஜையைத் துடைத்து, டிவியை ஏற்றி, வயரெல்லாம் மாட்டி, கேசட்டை ஊதிச் சொருகினார். படம் வந்தது. சத்தம் வரவில்லை. டிவிக்குள் இருந்த ஸ்பீக்கரை எலி குதறி வைத்திருந்தது.

"இந்த வயசுல இதுக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி, இனி ஸ்பீக்கர் வேறயா?" என்றாள் மனைவி.

அவர் பதில் சொல்லவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

ஸ்பீக்கர் தேடுகிற வேலையில் துரை முழுசாக இறங்கினார். மதியம் சாப்பிட்ட கையோடு போனில் அதைப் பற்றித்தான் படிப்பார். கைக்கு அடக்கமான விலையில், மேஜையில் டிவிக்கு இரண்டு பக்கமும் நிற்கிற அளவில் ஒரு ஜோடி. கேட்டதெல்லாம் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பழைய விளையாட்டுகளின் சத்தம் ஒரு தினுசு. மெல்லிசாக, கிணிகிணியென்று இருக்கும். முதலில் வாங்கியது தரையில் வைக்கிற பெரிய பெட்டியோடு வந்தது. பொம்மை ஒரு தடவை குதித்தால் யாரோ கதவை எட்டி உதைத்த மாதிரி இருந்தது. போதாததற்கு அதன் காந்தம் பட்டு டிவியின் ஓரம் ஊதா நிறமாகிவிட்டது. திருப்பிக் கொடுத்தார். அடுத்தது போன் சார்ஜரில் ஓடுகிற குட்டி ஜோடி. தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல இருந்தது. அதையும் கொடுத்தார்.

கடைக்காரர் பொறுமைசாலி. "சார், இதை எடுத்துட்டுப் போங்க. மரப்பெட்டி. காந்தத்துக்கு மூடி போட்டது, டிவி பக்கத்துல வச்சா ஒண்ணும் ஆகாது. சத்தம் கூட்டுற குமிழும் முன்னாடியே இருக்கு" என்று கறுப்பில் ஒரு ஜோடியைக் காட்டினார்.

அது சரியாக இருந்தது. காசு எடுக்கிற சத்தம், குதிக்கிற சத்தம், ஆட்டம் முடிந்தால் வருகிற அந்தச் சோகமான இழுப்பு, எல்லாம் அச்சு அசலாக இருந்தன. ஒரே ஒரு குறை. இடது பக்கம் கம்மியாக வந்தது. கம்மி என்றால் கொஞ்சமல்ல, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு. அந்த மெஷினில் இரண்டு பக்கமும் ஒரே சத்தம்தான் வர வேண்டும் என்று படித்திருந்தார். கொண்டுபோய் மாற்றினார். மாற்றிக் கொடுத்ததிலும் இடது கம்மி. மறுபடி போனபோது கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

கடைக்காரர் ஜோடியைத் தன் போனில் இணைத்து ஒரு பாட்டைப் போட்டார். "எனக்கு ரெண்டும் சமமாத்தான் கேக்குது சார்."

"ஒரே உடைசலைத் திருப்பித் திருப்பிப் பெட்டியில போட்டுக் குடுக்கிறீங்க. ஏமாளின்னு நெத்தியில எழுதியிருக்கா எனக்கு?"

"சார், வார்த்தையை விடாதீங்க. நீங்களே கேளுங்க."

"கேட்டுட்டுத்தானே சொல்றேன்? உங்களுக்கு ஒழுங்கா வியாபாரம் பண்ணத் தெரியலைன்னா கடையை மூடிட்டுப் போங்க!"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கையில் எடுத்த இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வெளியேறினார். கடைக்காரர் ஸ்பீக்கரைப் பெட்டியில் போட்டுத் துரை பக்கம் தள்ளினார்.

அந்த வாரம் மகள் லீவில் வந்திருந்தாள். தன் அறையில் புகுந்த சாமான்களைப் பார்த்து முதலில் முகம் சுளித்தாள். பிறகு அப்பாவின் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஆட ஆரம்பித்துவிட்டாள்.

"இடது பக்கம் பாரு, சத்தமே இல்ல" என்றார் துரை.

"ரெண்டும் ஒரே மாதிரிதானேப்பா கேக்குது?"

"நீயும் அந்தக் கடைக்காரன் மாதிரியே பேசு."

மகள் எழுந்து அவரை உட்கார வைத்தாள். "இப்ப எது கம்மி?"

"இடது."

அவள் நாற்காலியைப் பிடித்துச் சுற்றினாள். இப்போது அவர் முதுகு டிவிக்கு. குறை சொல்லப்பட்ட ஸ்பீக்கர் அவருடைய வலது பக்கத்துக்கு வந்துவிட்டது. "இப்ப?"

அவர் சற்று நேரம் கேட்டார். "இப்பவும் இடதுதான்" என்றவர், சொன்னபிறகுதான் சொன்னதன் அர்த்தம் புரிந்தது போல நிறுத்தினார்.

மகள் குனிந்து அவருடைய இடது காதருகே ஏதோ சொன்னாள். அவர் அசையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே அறை வாசலுக்கு வந்த மனைவி அதைப் பார்த்தாள். துணி கையிலேயே இருந்தது.

காது டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். வெளிச்சத்தம் புகாத கண்ணாடி அறையில் உட்கார வைத்துப் பரிசோதனை செய்தார்கள். "ஜவ்வுல பழைய ஓட்டை. சின்ன வயசுல ஆனதா இருக்கும். அதை அப்படியே விட்டதுல உள்ள எலும்பையும் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிடுச்சு. ஒரு காது நல்லா இருந்தா இப்படித்தான், பல பேருக்குத் தெரியறதில்ல. அந்தக் காதுல பலமா அடி ஏதாவது பட்டுச்சா?"

"இல்லையே" என்றார் துரை. மழைக்காலத்தில் சீழ் வடியும், பஞ்சு வைத்துக்கொள்வார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

படி இறங்கி, ஸ்கூட்டரை எடுக்கப் போனபோதுதான் ஞாபகம் வந்தது. சாவியைப் போடாமல் அப்படியே நின்றார்.

அப்பா இறந்த வருஷம். பெயின்ட் கடையை அண்ணன் எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். மீசை முளைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது அண்ணனுக்கும். கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் சரக்கெடுக்கப் போயிருந்தார். பள்ளிக்கூடத்துப் பையனான துரை, கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு எதிர்த் தெரு வீடியோ கேம் கடைக்கு ஓடிவிட்டார். அண்ணன் வந்ததை அவர் பார்க்கவில்லை. பக்கவாட்டில் இருந்து விழுந்த அடி. காதோடு சேர்த்து அப்பியது. கீழே விழுந்தபோது மெஷினில் ஆட்டம் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. பையன்கள் சிரித்தார்கள். காதுக்குள் கொஞ்ச நாள் வண்டு குடைந்தது. அப்புறம் அதுவும் நின்றது. நின்றுவிட்டதே என்று சந்தோஷப்பட்டார்.

வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதை மனைவியிடம் சொன்னார். ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் எப்போதும் உட்கார்கிற இடம், அவருக்கு இடது பக்கம். அன்று எழுந்து வந்து எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்தே கேக்காதா?"

"அப்படித்தான் போல."

"ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து பேசுவேனே, அதெல்லாம்?"

"காத்துல கேக்கலன்னு நெனச்சுக்குவேன்."

"லேப் வேலையைப் பத்திக் கேட்டேனே, அது?"

"எந்த லேப் வேலை?"

அவள் முகம் மாறியதை அவர் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ரத்தப் பரிசோதனைப் படிப்பு படித்து முடித்தவள் என்பது அவருக்குத் தெரியும். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து அவளுக்கு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள் என்பது தெரியாது.

"இந்த சோபாவுலதான் உக்காந்து கேட்டேன். போகட்டுமான்னு. நீங்க டிவியைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. மறுநாளும் கேட்டேன். சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. உங்களுக்குப் பிடிக்கலன்னு எடுத்துக்கிட்டேன். வரலன்னு அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

"முன்னாடி வந்து நின்னு கேட்டிருக்கக் கூடாதா?"

"பதில் சொல்லாத மனுஷன் முன்னாடி எத்தனை தடவைங்க வந்து நிக்கிறது?"

அதில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பார். என்ன தப்புக்கு மன்னிப்புக் கேட்பது என்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனார். பெயின்ட் கடைக்கு மேலேதான் வீடு. படியேறும்போதே டர்பன்டைன் நெடி அடித்தது. அண்ணி டீ கொண்டுவந்து வைத்தாள். துரை சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"அண்ணே, சின்ன வயசுல என்னை வீடியோ கேம் கடையில வச்சு அடிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"நானா? உன் மேல கை வச்சதே கிடையாதேடா. அப்பா இல்லாத பிள்ளைன்னு பொத்திப் பொத்தியில்ல வளத்தேன்."

"காதோட சேத்து அடிச்சீங்க. அதுலதான் ஜவ்வு கிழிஞ்சிருக்கு."

அண்ணி குறுக்கே வந்தாள். "உங்க அண்ணன் எறும்பைக்கூட மிதிக்கமாட்டாரு தம்பி. யாராவது ஏத்தி விட்டாங்களா உங்களை?"

துரை டாக்டர் கொடுத்த காகிதத்தை நீட்டினார். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். அந்தக் கண்ணாடியின் லென்ஸ் துரை தேய்த்துக் கொடுத்ததுதான்.

"இதுல என் பேரு எங்க போட்டிருக்கு?"

"அண்ணே, நான் சண்டைக்கு வரல. அடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"சரி, அடிச்சேன்னே வச்சுக்க. ஒரு அடிக்குக் காது போயிடுமா? நான் அப்பாகிட்ட வாங்காததா? திறந்த கடையைப் போட்டுட்டு ஆடப் போனவனைக் கொஞ்சுவாங்களா? அன்னிக்கு அடிக்காம விட்டிருந்தா இன்னிக்கு நீ எந்தத் தெருவுல நின்னிருப்பியோ!"

கை வைத்ததே இல்லை என்று சற்று முன் சொன்னவருக்குத் திறந்து கிடந்த கடை ஞாபகம் இருந்தது. துரை அதைச் சொல்லிக் காட்டவில்லை. டீயைக் குடிக்காமல் எழுந்தார். படியிறங்கும்போது பின்னால் இருந்து அண்ணன் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டார்.

ஓட்டையை அடைக்க ஒரு ஆபரேஷன் செய்துகொண்டார். சீழ் நின்றது, காது திரும்பவில்லை. வராது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கண்ணாடிக் கடையில் விஷயம் தெரிந்ததும் முன்பக்கத்துப் பெண்கள் இரண்டு நாள் வருத்தப்பட்டார்கள். மூன்றாம் நாள் துரை என்ற பெயர் போய் டமாரம் ஆனது. இந்தப் பெயர் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. இப்போது வலது பக்கம் வந்து கூப்பிடுகிறார்களே.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அண்ணன் கூட்டத்தின் நடுவில் நின்று, "தம்பிக்கு வலது பக்கமாப் போய்ப் பேசுங்கப்பா, இடது பக்கம் பேசினா சொத்தையே எழுதிக் குடுன்னு கேட்டாலும் தலையாட்டிடுவான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வளர்த்த அண்ணனிடம் என்ன மனஸ்தாபம் என்று ஒரு அத்தை துரையைக் கடிந்துகொண்டாள்.

ஸ்பீக்கர் கடைக்கும் போனார். "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. குறை ஸ்பீக்கர்ல இல்ல, என் காதுலதான்" என்றார். கடைக்காரர் வேறு ஒருவருக்குச் சில்லறை எடுத்துக்கொண்டே, "விடுங்க சார்" என்றார், நிமிராமல். கொஞ்ச நாள் கழித்து ஒரு வயர் கேட்டுப் போனபோது இல்லை என்றார். அது அவர் தலைக்குப் பின்னால் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

துரை இடது ஸ்பீக்கரைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். வலது ஒன்றே போதுமாக இருந்தது. வேலை முடிந்து வந்ததும் கொஞ்ச நேரம் ஆடுவார். நன்றாக ஆட வரவில்லை. சிறு வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளத்தில் இப்போது ஒவ்வொரு தடவையும் விழுந்தார்.

சோபாவில் மனைவி வலது பக்கம் உட்கார ஆரம்பித்தாள். "ஏதாவது சொல்லேன்" என்று அவர் கேட்டுப் பார்த்தார். "என்ன சொல்றது?" என்றாள். யோசித்துப் பார்த்துவிட்டு, மோட்டாரில் தண்ணீர் சரியாக ஏறவில்லை என்றாள். நாளைக்கு ஆள் வரச் சொல்கிறேன் என்றார் அவர். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

ஒரு சாயங்காலம் அவள் அவர் ஆடிக்கொண்டிருந்த அறைக்கு வந்து, டிவியை மறைத்தபடி நேர் எதிரே நின்றாள். அவள் படித்த படிப்பு இப்போது செல்லாது, மெஷின்களெல்லாம் மாறிவிட்டன. பக்கத்துத் தெரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டோக்கன் கொடுக்கிற வேலைக்கு அவளை எடுத்திருந்தார்கள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்குப் போறேன். காலையில சீக்கிரம் கிளம்பணும். உங்க சாப்பாட்டை நீங்கதான் கட்டிக்கணும்."

"தாராளமாப் போ. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்றார் துரை அவசரமாக. இந்தத் தடவையாவது பதில் சொல்லிவிட்ட ஆறுதல் அவர் குரலில் இருந்தது.

"நான் கேக்கல" என்றாள் அவள். "சொன்னேன்."

பிறகு நகர்ந்து அலமாரியைத் திறந்து, வேலைக்குக் கட்டிக்கொண்டு போக எந்தப் புடவை தேறும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.